வன்முறை நடக்கும் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி: எங்கே, எப்படிக் கேட்பது?

அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டில் குழந்தையின் மேல் ஒரு அடிகூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தக் குழந்தை இரவில் தூங்காது. பத்து வயதிலும் படுக்கையை நனைக்கும். டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் இல்லை என்பார், வயிற்றுவலி மட்டும் போகாது. வகுப்பில் யாராவது குரலை உயர்த்தினால் உடம்பு விறைத்துப்போகும், அல்லது பக்கத்தில் இருப்பவனைப் போட்டு அடிக்கும். தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு. அந்த வீடுகளின் குழந்தைகளைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

இந்தக் குழந்தைகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் கையில் நிதி இருக்கிறது. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வீட்டிலேயே வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது முடியும்வரை கொடுக்கலாம். இதற்கு நிதி ஆதரவுத் திட்டம் என்று பெயர். அலுவலகங்களில் ஸ்பான்சர்ஷிப் என்றே சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

பணம் இருந்தும் குழந்தைக்குப் போய்ச் சேராததற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. அம்மாவின் புகாரை மாவட்ட சமூக நல அலுவலகம் பார்க்கிறது. குழந்தையின் விஷயத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பார்க்கிறது. இரண்டும் ஒரே துறையின் கீழ் வருபவைதான். ஆனாலும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் காகிதம் தானாக நகராது. அம்மாவின் மனுவில் குழந்தையைப் பற்றி ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆகவே குழந்தைக்கென்று தனி மனு, தனிக் கோப்பு வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

படி 1: பாதுகாப்பும் முதல் பதிவும்

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் உதவித்தொகையைப் பற்றி யோசிக்க முடியாது. அப்போது 112 அல்லது பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள். குழந்தைக்காகத் தனியாக 1098 இருக்கிறது. குழந்தையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

இரவோடு இரவாக வீட்டைவிட்டு வரவேண்டியிருந்தால், மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம். சகி மையம் என்றும் சொல்வார்கள். தங்குவது அதிகபட்சம் 5 நாள். வயது வந்துகொண்டிருக்கும் மகன் கூட இருந்தால் அவனையும் சேர்த்துத் தங்கவைப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பெண்கள் தங்கும் இடங்களில் பையன்களுக்கு வயது வரம்பு உண்டு. அங்கே போன பிறகு அண்ணனையும் தங்கையையும் பிரிப்பது குழந்தைகளுக்குப் பெரிய அதிர்ச்சி. அதைவிட அவனைப் பாட்டி வீட்டில் முன்கூட்டியே விட்டுவருவது நல்லது.

போலீஸில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "பேசி அனுப்பிவிட்டோம்" என்று வாய்வார்த்தையோடு முடிந்த புகாருக்குப் பின்னால் எந்தத் தடயமும் இருக்காது. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு குழந்தையின் கோப்பில் இவைதான் பேசும்.

படி 2: அம்மாவின் மனுவில் குழந்தைக்காகக் கேட்க வேண்டியவை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் உண்டு. அவரிடம் போனால் நடந்ததைக் கேட்டு ஒரு அறிக்கை தயாரிப்பார். அதை டி.ஐ.ஆர். என்பார்கள். அதில் குழந்தைகளின் பெயர், வயது, அவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள் என்பதை விடாமல் எழுதச் சொல்லுங்கள். "இரண்டு குழந்தைகள்" என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. "மூத்த மகள் முன்னிலையில் அடித்தார், அன்றிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை" என்று விவரமாக இருக்க வேண்டும்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடும் மனுவில் குழந்தைக்காக நான்கு விஷயங்களைக் கேட்கலாம். 20-ஆம் பிரிவின் கீழ் பராமரிப்புச் செலவு. 21-ஆம் பிரிவின் கீழ் குழந்தை தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் இருக்க உத்தரவு. அப்பா குழந்தையைப் பார்ப்பதால் தீங்கு வரும் என்றால் அந்தச் சந்திப்பை மறுக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 18-ஆம் பிரிவின் கீழ் பள்ளி வளாகத்துக்குள் அவர் நுழையத் தடை. 19-ஆம் பிரிவின் கீழ் அவரை வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லும் உத்தரவு. இந்தக் கடைசி ஒன்றைப் பலர் கேட்பதே இல்லை. அடித்தவர் வீட்டில் இருக்க, அடிபட்டவளும் குழந்தைகளும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவதுதான் வழக்கமாகிவிட்டது. குழந்தை அதே வீட்டில் இருந்து அதே பள்ளிக்குப் போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மனு போட்டால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பராமரிப்புத் தொகையை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போன் எண் 15100.

படி 3: குழந்தைக்குத் தனி மனு

இதுதான் பலரும் தவறவிடும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2005 சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பெண். மகனுக்கு அந்தச் சட்டத்தில் கிடைப்பதெல்லாம் அம்மா வழியாகத்தான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. கூட வசிப்பவரால் காயப்படுத்தப்பட்ட, கொடுமைக்கு ஆளான, கவனிப்பின்றி விடப்பட்ட குழந்தை, பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் குழந்தை ஆகிய எல்லோரும் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வரையறைக்குள் வருவார்கள். அதைத் தீர்மானிப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழு மாவட்டந்தோறும் இருக்கிறது.

குழுவின் பெயரைச் சொன்னதும் தாய்மார்கள் பயப்படுவார்கள். "பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சட்டத்தின் அடிப்படையே குழந்தையைக் குடும்பத்தில் வைத்திருப்பதுதான், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. குழந்தை அம்மாவிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும், நாங்கள் அவ்வப்போது வந்து பார்க்கிறோம், உதவித்தொகை கொடுக்கலாம் என்று உத்தரவிட 37-ஆம் பிரிவு குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது. மனுவிலேயே "குழந்தை என்னுடனேயே இருக்க வேண்டும், இல்லத்தில் சேர்க்க நான் கோரவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பெயருக்கு எழுதி, நகலைக் குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்குக் கொடுக்க வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி:

"என் கணவர் என்னைத் தொடர்ந்து அடித்துத் துன்புறுத்தியதை என் மகன் (வயது 9, 4-ஆம் வகுப்பு) நேரில் பார்த்து மிகவும் பாதிக்கப்பட்டுள்ளான். கடந்த ஜூன் மாதம் முதல் மகனுடன் என் தாய் வீட்டில் வசித்து வருகிறேன். கணவரிடமிருந்து எந்தப் பொருளுதவியும் இல்லை. கூலி வேலையில் வரும் வருமானம் மகனின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போதவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி என் மகனைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதி, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு உதவித்தொகையும் மனநல ஆலோசனையும் வழங்கிட வேண்டுகிறேன்."

இரண்டு குழந்தைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு. கொடுத்ததும் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்.

அலுவலகத்தில் அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: "அப்பா உயிரோடுதானே இருக்கிறார்? டைவர்ஸும் ஆகவில்லையே?" இதைக் கேட்டதும் திரும்பிவிடாதீர்கள். விதவையான, விவாகரத்தான தாயின் குழந்தைகள் மட்டும்தான் என்று திட்டம் சொல்லவில்லை. குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் குழந்தைகளும், பெற்றோரால் பணத்தாலும் உடலாலும் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகளும், கொடுமைக்கு ஆளாகி மறுவாழ்வு தேவைப்படும் குழந்தைகளும் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறார்கள். பிரிந்து வாழ்வதற்கான ஆதாரமாக டி.ஐ.ஆர். நகலையும் நீதிமன்ற உத்தரவையும் வையுங்கள். அப்படியும் ஏற்கவில்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் போய், குழந்தையின் நிலையை விசாரித்து உத்தரவு போடச் சொல்லிக் கேளுங்கள். குழு கேட்டால் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் தயாரிக்க வேண்டும். குழுவின் உத்தரவு கையில் இருந்தால் மறுபடி அலுவலகத்தில் நிற்கும்போது நிலைமையே வேறு.

அம்மா இன்னும் அதே வீட்டில் கணவருடன் இருக்கிறார் என்றால் உதவித்தொகை கிடைப்பது கஷ்டம். கணவருடைய வருமானமும் கணக்கில் வரும், வந்த பணமும் அவர் கைக்குப் போய்விடலாம். அந்த நிலையில் முதலில் கேட்க வேண்டியது 19-ஆம் பிரிவின் உத்தரவும் குழந்தைக்கு ஆலோசனையும்தான்.

படி 4: ஆவணங்கள்

குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் படிக்கும் சான்று, போட்டோ, தாயின் ஆதார், குடும்ப அட்டை நகல், வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகல் ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். ஏதாவது ஒன்று வீட்டில் மாட்டிக்கொண்டால் அதற்காக மனுவை நிறுத்திவைக்க வேண்டாம். "கணவர் வசம் உள்ளது, பெற இயலவில்லை" என்று எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சான்றின் நகலை மறுபடி எடுக்கலாம். ஆவணங்களைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடமும் கேட்கலாம்.

வருமான வரம்பு கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகரங்களில் 96,000 ரூபாய். இங்கே ஒரு சிக்கல் வரும். பிரிந்து வந்த பிறகும் குடும்ப அட்டையில் கணவர் பெயர்தான் தலைவராக இருக்கும், பழைய வருமானச் சான்றும் அவர் பெயரில் இருக்கும். இ-சேவை மையத்தில் புதிதாக உங்கள் பெயரில், நீங்கள் இப்போது இருக்கும் முகவரியில், உங்கள் வருமானத்துக்குச் சான்று கேட்டு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது தனியாக வசிப்பதைச் சொல்லி டி.ஐ.ஆர். நகலைக் காட்டுங்கள்.

வங்கிக் கணக்கில் மிகவும் கவனம் தேவை. குழந்தையின் பெயரில், தாயையோ பாட்டியையோ காப்பாளராகப் போட்டுப் புதிய கணக்குத் திறப்பது நல்லது. அப்பா பெயர் சேர்ந்த பழைய கணக்கைக் கொடுக்காதீர்கள். குழந்தையின் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். அப்பாவின் எண் இருந்தால் ஓ.டி.பி.யும் பணம் வந்த செய்தியும் அவருடைய போனுக்குப் போகும். எந்த ஊர் வங்கிக் கிளை, எந்த முகவரி என்று தெரிந்துகொண்டு தேடி வந்துவிட்டால் பணத்தைவிடப் பெரிய ஆபத்து. எண்ணை மாற்றிவிட்டுத்தான் கணக்கைக் கொடுக்க வேண்டும்.

படி 5: வீட்டுக்கு வந்து பார்ப்பது, ஒப்புதல், பணம்

மனு கொடுத்த பிறகு அலகிலிருந்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்று பதற்றப்பட வேண்டாம். அவர் பார்ப்பது குழந்தை பள்ளிக்குப் போகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைத்தான். குழந்தையிடம் "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் இழுபட்ட பிள்ளை அது. அப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னாலும் சொல்லட்டும், அதனால் மனு கெட்டுவிடாது.

மாவட்ட அளவிலான குழு ஒப்புதல் கொடுத்தால் பணம் கணக்குக்கு வரத் தொடங்கும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருப்பு இருக்கலாம், அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாதமும் நேரிலோ போனிலோ கேட்டுக்கொண்டே இருங்கள். பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் முத்திரை வாங்கிய நகலை இணைத்து மனுக் கொடுங்கள், 1100 எண்ணிலும் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், இந்த ஆண்டு மாவட்டத்துக்கு நிதி ஆதரவுக்காக எவ்வளவு வந்தது, எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், எத்தனை மனுக்கள் காத்திருக்கின்றன என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதைத் தாய் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியரோ உள்ளூர்ச் சங்கமோ கேட்டால் அவர் மேல் பாரம் விழாது.

உதவி தொடர வேண்டுமானால் குழந்தை பள்ளிக்குத் தொடர்ந்து போக வேண்டும். நீண்ட நாள் போகாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பயத்தாலோ உடல்நலக் குறைவாலோ போக முடியவில்லை என்றால் அலகுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அம்மா இறந்து, அப்பா சிறைக்குப் போன கொடுமையான வழக்குகளும் உண்டு. அந்தக் குழந்தைகளைப் பாட்டியோ மாமாவோ வளர்த்தால் அவர்களும் இதே மனுவைக் கொடுக்கலாம். கூடவே சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைச் சார்ந்தவர்கள் என்ற முறையில் அரசு இழப்பீடும் கேட்க வேண்டும். இது மாத உதவியிலிருந்து தனி.

படி 6: பள்ளி

ஊர் மாறி வந்த குழந்தை வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு டி.சி. ஒரு காரணமாகவே இருக்கக் கூடாது. 6 முதல் 14 வயதுவரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து அன்றே சேர்த்துவிடுங்கள். யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம், யாருடன் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலும் பள்ளியில் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அப்பாவைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வது மட்டும் வேண்டாம். "வெளியே போய்ச் சொன்னது யார்?" என்ற கேள்வி அன்றிரவே குழந்தை மேல் விழும்.

படி 7: ஊராட்சியின் பணமும் பொறுப்பும்

மாத உதவித்தொகை மாவட்டத்திலிருந்து வருகிறது. ஆனால் குழந்தை வாழ்வது ஊரில். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் அதன் தலைவர். தேர்தல் நடக்காத இடங்களில் ஊராட்சியை நிர்வகிக்கும் தனி அலுவலரைக் கேளுங்கள். பல ஊர்களில் இந்தக் குழு ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கிறது. கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்பதே நல்ல தொடக்கம்.

நிதிக்கான வழி கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். அதன் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று குழந்தைகள் நேய ஊராட்சி. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் ஒன்று. 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது, மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. ஆனால் அதைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. எனவே "ஆலோசகர் ஒருவரை நியமியுங்கள்" என்ற கோரிக்கை திரும்பி வந்துவிடும். சாயங்காலம் குழந்தைகள் பாதுகாப்பாக உட்கார்ந்து படிக்க நூலகக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது, விளக்கு, கழிப்பறை, 1098, 181 எண்களைப் பெரிதாக எழுதிய பலகை ஆகியவற்றைக் கேளுங்கள். ஆலோசகரை மாவட்ட அலகிலிருந்து மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லி அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். வீட்டுக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்கு ஏழு மணிவரை வெளிச்சமான ஒரு அறை என்பது சின்ன விஷயமில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அதற்கு முன்பே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் தீர்மானமாகப் பதியவைத்து, நகல் வாங்குங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவினர் சேர்ந்து போனால் நன்றாக எடுபடும். எந்தக் குழந்தையின் பெயரையும், எந்த வீடு என்பதையும் சபையில் சொல்லக் கூடாது. ஊருக்கான வசதியைப் பொதுவாகக் கேளுங்கள். குறிப்பிட்ட குழந்தையின் விவரம் அலகுக்கும் நலக் குழுவுக்கும் போகும் மனுவில் மட்டும் இருக்கட்டும்.

நகரங்களில் இதே கோரிக்கையை வார்டு கவுன்சிலர் வழியாக வார்டு கமிட்டியிலும் பகுதி சபையிலும் வைக்கலாம். குழந்தைக்கு மனநல உதவி உடனடியாகத் தேவைப்பட்டால் எதற்கும் காத்திருக்காமல் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டிய ஓ.பி. சீட்டையும் குழந்தையின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.